சுங்கை சிப்புட் மாடி வகுப்பு: 80 வெள்ளிக்கு எவ்வளவு இங்கிலீஷ்?

முதலில் இந்த இங்கிலீஷ் வகுப்பின் பணக் கணக்கு. மாதக் கட்டணம் 80 வெள்ளி, அதாவது 80 ரிங்கிட். செவ்வாயும் வியாழனும் இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை, மாதத்துக்கு எட்டு வகுப்பு. ஆக ஒரு வகுப்புக்குப் பத்து வெள்ளி. சேரும்போது பதிவுக்கு 20 வெள்ளி. பாதியில் நின்றால் அது திரும்பக் கிடைக்காது. ‘5,000 சொற்கள்’ என்று மேலட்டையில் பெரிதாகப் போட்ட போட்டோஸ்டாட் புத்தகத்துக்குத் தனியாக 35 வெள்ளி. அந்த 35ஐ மிச்சப்படுத்துங்கள். காரணம் கீழே வருகிறது.

இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவரிசை. கீழே மோட்டார் பட்டறை, அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) எண்ணெய்க் கறை, பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் மாடியில் வகுப்பு. சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் கம்பங்கள் எனும் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள். ஈப்போ தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், பாதுகாவலர்கள், கிளினிக் முகப்பில் உட்காரும் பெண்கள், எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் பயப்படும் பிள்ளைகள். பெரும்பாலோர் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில், ஐந்து வருடம் மலாய் இடைநிலைப்பள்ளியில் படித்தவர்கள். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் வாயிலிருந்து வருவதற்குள் தமிழும் மலாயும் அதன் மேல் ஒரு கை பார்த்துவிடும். இந்த வகுப்புக்கு அது தெரிந்திருக்கிறது. மற்ற இடங்களில் ‘தமிழை மற, இங்கிலீஷில் யோசி’ என்று தொடங்குவார்கள். இங்கே தமிழில் இதை எப்படிச் சொல்வோம், மலாயில் எப்படிச் சொல்வோம், எந்த இடத்தில் சறுக்கும் என்று தொடங்குகிறார்கள். கொடுத்த காசுக்குப் பலன் கிடைப்பது இதனால்தான்.

பிரிபொசிஷன் பாடத்தில் இது நன்றாகத் தெரிகிறது. தமிழில் ‘இல்’ ஒன்றை வைத்துக்கொண்டு மேசையில், பையில், ஸ்டேஷனில் என்று எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். மலாயிலும் இடத்துக்கு ‘டி’, நேரத்துக்கு ‘படா’ என்று ஒவ்வொன்றே போதும். இங்கிலீஷ்தான் அதை ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ என்று மூன்றாகப் பிரிக்கிறது. வெள்ளைப்பலகையில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு பெட்டி வரைகிறார் ஆசிரியை. புள்ளிக்கு அட், கோட்டுக்கும் பரப்புக்கும் ஆன், பெட்டிக்கு இன். நேரத்துக்கும் அதே படம்தான். ஏழேகால் மணி ஒரு புள்ளி, அட். திங்கட்கிழமை நாட்காட்டித் தாளில் ஒரு கட்டம், அதன் மேல் விரல் வைக்கலாம், ஆன். ஜனவரி, 2024 எல்லாம் நாட்களைப் போட்டு வைக்கும் பெட்டி, இன்.

இருபது வயதுப் பாதுகாவலர் ஒருவர் எழுந்து, பஸ்ஸில் இருக்கிறேன் என்பதற்கு “ஐ எம் இன் த பஸ்” என்றார்.

“பஸ்ஸுக்குள்ளே எழுந்து நடக்க முடியுமா தம்பி?”

“முடியும் டீச்சர்.”

“காடிக்குள்ளே?”

“எப்படி டீச்சர், தலை இடிக்கும்.”

“நடக்க முடிஞ்சா ஆன். குனிஞ்சு ஏறி உட்காரணும்னா இன்.”

“அப்போ மோட்டார் சைக்கிள்?”

“மோட்டாருக்கு உள்ளே ஏது தம்பி?”

வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் பலகையில் இரண்டு வரிசை ஏறிவிட்டது. பஸ், ரயில், விமானம், ஃபெரி, மோட்டார், சைக்கிள் ஒரு பக்கம். காடி (கார்), டாக்சி, லோரி, சிறு சம்பான் படகு மறுபக்கம். கூடவே ஏறுவது இறங்குவதும் வந்தது. முதல் வரிசைக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. இரண்டாவதுக்கு ‘கெட் இன்டு’, ‘கெட் அவுட் ஆஃப்’. ஒரு விதியைச் சொன்ன கையோடு அதன் வாலையும் பிடித்துக் கொடுப்பது நல்ல பழக்கம்.

ஆனால் புள்ளி, கோடு, பெட்டி எல்லாவற்றுக்கும் செல்லும் என்பதுபோல் சொல்வது கொஞ்சம் அதிகம். காலைக்கு ‘இன் த மார்னிங்’, இரவுக்கு ‘அட் நைட்’. இரவு மட்டும் ஏன் புள்ளியானது என்று யாராவது கேட்டால் அங்கே பதில் இல்லை; எங்கேயும் இல்லை. மனப்பாடம்தான். திங்கட்கிழமை காலை என்று கிழமை சேர்ந்துவிட்டால் மறுபடியும் ஆன். ஆஸ்பத்திரியும் அப்படித்தான். ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்றால் படுக்கையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். பார்க்கப் போனவர் ‘அட் த ஹாஸ்பிட்டல்’. லீவு கேட்டு மேனேஜருக்கு அழைக்கும்போது இந்த ஒரு சின்னச் சொல் பெரிய வித்தியாசம் செய்யும்.

‘பை’யும் ‘அண்டில்’லும் எந்த வகுப்பிலும் குழப்பம்தான். இங்கே ஒரே நிமிடத்தில் தெளிந்துவிட்டது, ஏனென்றால் அந்த வித்தியாசம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. ‘வியாழனுக்குள் பணம் கட்டு’: க்குள் வந்தால் பை. ‘வியாழன் வரை கடை திறந்திருக்கும்’: வரை வந்தால் அண்டில். கட்டுவது ஒரு தடவை நடந்து முடிகிறது. திறந்திருப்பது இழுத்துக்கொண்டே போகிறது. இதேபோல் ‘மூணு வருஷமா’ என்றால் ‘ஃபோர்’, ‘2021லேர்ந்து’ என்றால் ‘சின்ஸ்’. ‘ஆக’வுக்கு ஒன்று, ‘இருந்து’வுக்கு ஒன்று. தமிழ் இங்கே இடைஞ்சல் செய்யவில்லை, கை கொடுக்கிறது. குறை என்னவென்றால் பாதியில் விட்டுவிட்டார்கள். 2021லிருந்து வேலை செய்கிறேன் என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதால் ‘ஐ எம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021’ என்றே எல்லோருக்கும் வாயில் வருகிறது. ‘ஐ ஹேவ் பீன் வர்க்கிங்’ என்று மாற்ற வேண்டும். சின்ஸைத் திருத்திவிட்டு வினையை அப்படியே விட்டால் வாக்கியம் இன்னும் நொண்டும்.

அடுத்து வேண்டாத இடத்தில் ஒட்டுவது, வேண்டிய இடத்தில் விடுவது. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்ற நினைப்பில் ‘டிஸ்கஸ் அபவுட்’ வருகிறது. டிஸ்கஸ்ஸுக்குள்ளேயே பற்றி இருக்கிறது. ‘ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தேன்’ என்பது ‘ரீச் டு ஈப்போ’ ஆகிறது, டு வேண்டாம். ‘அவனோடு கல்யாணம்’ என்று தமிழிலும் ‘டெங்கான்’ என்று மலாயிலும் சொல்வதால் ‘மேரீட் வித்’; சரியானது ‘மேரீட் டு’. எதிர்ப்பக்கத்தில் மலாய் ‘துங்கு பாஸ்’, ‘டெங்கார் லாகு’ இரண்டிலும் இடையில் ஒன்றும் கிடையாது. அதனால் ‘வெயிட் பஸ்’, ‘லிசன் சாங்’ என்று வந்துவிடுகிறது. ‘வெயிட் ஃபோர்’, ‘லிசன் டு’ என்று ஒட்டிய சொல்லாகவே வாயில் பழக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வினைகள்தான். எழுதிச் சுவரில் ஒட்டினால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

மலாயை அப்படியே இங்கிலீஷில் போடும் பழக்கத்துக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குகிறார்கள். ‘பூக்கா லம்பு’ ‘ஓப்பன் த லைட்’ ஆகிறது; வேண்டியது ‘டர்ன் ஆன்’. ‘ஹந்தார்’ என்பதால் ஆளையே ‘செண்ட் மீ டு ஸ்டேஷன்’ என்று தபால்போல் அனுப்பச் சொல்கிறோம்; ‘டிராப் மீ ஆஃப்’. ‘பிஞ்சாம்’ என்பதில் கொடுப்பதும் வாங்குவதும் ஒன்றாகிவிட, ‘பாரோ மீ டென் ரிங்கிட்’. கொடுப்பவர் பக்கம் ‘லெண்ட்’, வாங்குபவர் பக்கம் ‘பாரோ’. இதெல்லாம் சுங்கை சிப்புட் கடையில் தாராளமாகச் செல்லும். மலேசிய இங்கிலீஷ் தெரியாதவரிடம் பேசும்போதுதான் மாட்டும். வகுப்பில் வாக்கியக் கடைசியில் மலேசியப் பாணி ‘லா’ சொன்னால் 50 சென் தண்டம் என்று ஓர் உண்டியல் வைத்திருப்பது மட்டும் தேவையற்ற வேலை. ‘லா’ போட்டால் எந்த இலக்கணமும் கெடாது; எங்கே போடலாம், எங்கே கூடாது என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

இனி உச்சரிப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் அரை மணி நேரம் இதற்குத்தான். ஒருவருக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, இரண்டு விரல் அகலத்தில் கிழித்த ஏ4 தாள் துண்டு, ஒரு ரப்பர் வளையம். ரப்பர் ஊரில் ரப்பர் வளையத்துக்குப் பஞ்சமில்லை.

தாள் துண்டு ‘ப’வுக்கு. உதட்டுக்கு நாலு விரல் முன்னால் பிடித்துக்கொண்டு ‘பேர்’ என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் பேரிக்காய், கரடி இரண்டுமே தமிழெழுத்தில் ‘பேர்’தான். பேரிக்காயைச் சொன்னால் தாள் ஆட வேண்டும், கரடியைச் சொன்னால் அசையக் கூடாது. சொல்லின் தொடக்கத்தில் வரும் தமிழ்ப் பகரத்தில் இந்தக் காற்று வெடிப்பு கிடையாது. அதனால் நாம் பேரிக்காய் கேட்டால் வெள்ளைக்காரர் காதில் கரடி விழுகிறது. ‘ட’, ‘க’ ஒலிகளுக்கும் இதே சோதனைதான். ஒரே விலக்கு, முன்னால் ஸ் வந்தால் காற்று வேண்டாம். ‘ஸ்பூன்’ சொல்லும்போது தாள் சும்மா இருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் அங்கேயும் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணாடி வகரத்துக்கு. நம் ‘வ’ இங்கிலீஷின் இரண்டு ஒலிகளுக்கும் நடுவில் நிற்கிறது. வேனுக்கு மேல்பல் கீழ் உதட்டின் உள்பக்கத்தைத் தொட்டு, அதிர்வு உதட்டில் தெரிய வேண்டும். தண்ணீருக்கு, அதாவது ‘வாட்டர்’ என்பதற்கு, பல் எங்கேயும் படாமல் உதடு விசிலடிப்பதுபோல் குவிந்து பிரிய வேண்டும். கண்ணாடியில் பல் தெரிந்தால் முதலாவது, தெரியாவிட்டால் இரண்டாவது. ‘த்ரீ’க்கும் கண்ணாடிதான். நம் தகரத்தில் நாக்கு பல்லை அடைத்து விடுபடுகிறது. இங்கே நாக்கு நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்த்தபடி காற்று கசிய வேண்டும். அடைத்துவிட்டால் ‘த்ரீ’ ‘ட்ரீ’யாகி, மூன்று மரமாகிவிடும்.

தமிழ் நாக்கின் சில சொந்தப் பழக்கங்களையும் பிடித்திருக்கிறார்கள். ‘எட்டு’ வாயில் ‘யெட்டு’ ஆவதுபோல் முட்டை ‘யெக்’ ஆகிறது. ‘ஒன்று’ ‘வொன்று’ ஆவதுபோல் ‘ஒன்லி’ ‘வோன்லி’ ஆகிறது. ஸ்கூல் ‘இஸ்கூல்’. கடைசியில் ‘புக்கு’, ‘கேட்டு’, ‘கப்பு’. இந்த வால் உகரம் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் பாதி வேலை குறையும். நன்னூல் கணக்கில் தமிழ்ச் சொல்லின் கடைசியில் வரக்கூடிய எழுத்துகள் 24. அதில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை. க், ட், ப் என்று நிறுத்தி நம் நாக்குக்குப் பழக்கமே இல்லை. அதனால் ஓர் உகரத்தைப் போட்டு மூடிவிடுகிறது. ‘புக்’ என்பதற்கு அடிநாக்கு மேலே போய் ஒட்டியதும் அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள், திறக்காதீர்கள். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அதோடு சேர்த்துத் திறந்தால் போதும்.

ரப்பர் வளையம் அழுத்தத்துக்கு. இரண்டு கட்டைவிரலிலும் மாட்டி, சொல்லைச் சொல்லிக்கொண்டே அழுத்தம் விழும் அசையில் மட்டும் இழுத்து, மற்ற அசையில் தளர்த்த வேண்டும். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில் இழுபடும், ‘ஃபொட்டாக்ரஃபர்’ இரண்டாவதில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாவதில். தமிழும் மலாயும் அசைகளை ஏறக்குறைய சமமாக எண்ணிக்கொண்டு போகின்றன. இங்கிலீஷில் ஒரு அசை பெருத்து நிற்கும், மற்றவை ஒடுங்கும். ‘ஹோட்டல்’ என்பதில் இரண்டாவது அசையை இழுக்க வேண்டும். நாம் முதலாவதை இழுக்கிறோம். ‘கேரக்டர்’ என்பதில் முதலாவது, நாம் இரண்டாவதை. வளையத்தை இழுக்கத் தெரிந்த எல்லோருக்கும் தளர்த்தத் தெரிவதில்லை, அங்கேதான் பலர் நிற்கிறார்கள். ‘பனானா’வில் நடு அசை மட்டும் நீளும்; முன்னும் பின்னும் இருப்பவை வாய் திறந்தும் திறக்காத ஒரு மங்கிய ஒலி. இங்கிலீஷில் அதிகம் வரும் உயிரொலியே இதுதான், ஆனால் அதற்குத் தனி எழுத்து கிடையாது. நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. குற்றியலுகரத்தில் ஒரு மாத்திரையை அரையாகக் குறைக்கிறோமே, அதே கஞ்சத்தனத்தை இங்கே அகரத்துக்கும் எகரத்துக்கும் காட்ட வேண்டும்.

எண்களுக்கு இது உடனே பயன்படும். பதினைந்தைத் தனியாகச் சொன்னால் ‘டீன்’னில் அழுத்தம், ஐம்பதில் ‘ஃபிஃப்’பில். ஆனால் ‘ஃபிஃப்டீன் பீப்பிள்’ என்று பின்னால் ஒரு பெயர் வந்துவிட்டால் அழுத்தம் முன்னால் தாவிவிடும். ஆகவே அழுத்தத்தை மட்டும் நம்பாமல் நீளமான ‘ஈ’யையும் கடைசி ‘ன்’னையும் முழுசாக ஒலிக்கச் சொல்கிறார் ஆசிரியை. தொலைபேசியில் விலை சொல்லும்போது ‘ஒன் ஃபைவ்’ என்று உடைத்தே சொல்லிவிடுங்கள் என்கிறார். நல்ல யோசனை. ‘கேன்’, ‘கான்ட்’ இரண்டுக்கும் இதே கதைதான். ‘ஐ கேன் கம்’ என்பதில் கனம் ‘கம்’மில் விழ வேண்டும், கேன் நசுங்கி ‘கன்’ ஆக வேண்டும். நாம் ‘கேன்’னை மலேசியப் பாணியில் ஓங்கிச் சொன்னால், வரமுடியாது என்று சொன்னதாக எடுத்துக்கொள்வோர் உண்டு.

இவ்வளவு சொல்லிக் கொடுத்துவிட்டு, கையில் கொடுக்கும் தாளில் எல்லா உச்சரிப்பையும் தமிழெழுத்தில் அச்சடித்துத் தருகிறார்களே, அதுதான் இந்த வகுப்பின் பெரிய ஓட்டை. முதுகு, பை, மூட்டை கட்டுவது, அடுப்பில் சுடுவது, இந்த நான்கு இங்கிலீஷ் சொல்லும் அந்தத் தாளில் ‘பேக்’. இங்கிலீஷில் மெய்யொலி 24, உயிரொலி பிரிட்டன் முறையில் 20. நம் 12 உயிரையும் 18 மெய்யையும் வைத்து அதை அளப்பது படியால் துணி அளப்பதுபோல. (இங்கேயும் தமிழெழுத்துதான், அதனால்தான் பல்லையும் உதட்டையும் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.) முதுகுக்கும் பைக்கும் உள்ள வித்தியாசமே கடைசி மெய்யைவிட அதற்கு முந்திய உயிரின் நீளத்தில்தான் அதிகம் கேட்கும். பைக்கு நீளம், முதுகுக்குக் குட்டை. தாளில் அதற்கு இடமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கேம்பிரிட்ஜ் அகராதி இணையதளத்தைத் திறந்து, சொல்லைத் தட்டி, ஒலிபெருக்கிப் படத்தை அழுத்துங்கள். பிரிட்டன், அமெரிக்கா இரண்டும் இலவசமாக ஒலிக்கும். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு சொல்லுக்கு மூன்று தடவை போதும்.

பன்மை ‘எஸ்’ஸையும் இறந்தகால ‘ஈடி’யையும் ஒரே வகுப்பில் ஓட்டிவிடுகிறார்கள். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் போதும். முந்திய ஒலி அதிர்ந்தால் எஸ்ஸும் அதிரும், ‘டாக்ஸ்’, ‘பேக்ஸ்’ போல. அதிராவிட்டால் அதிராது, ‘கேட்ஸ்’, ‘கப்ஸ்’ போல. ‘பாக்ஸஸ்’ போன்றவற்றில் மட்டும் ஓர் அசை கூடும்.

இனி அந்த 35 வெள்ளிப் புத்தகம். அகர வரிசையில் 5,000 சொல், பக்கத்தில் ஒரு சொல் தமிழ்ப் பொருள், அவ்வளவுதான். வகுப்புக்கு ஐந்து சொல் வீட்டுப்பாடம். கணக்குப் போடுங்கள்: மாதத்துக்கு 40, முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல். அதுவரை ‘ஏ’யில் தொடங்கும் சொற்களோடு குடும்பம் நடத்த வேண்டும். 1953இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பட்டியலிலேயே அடிப்படைச் சொற்கள் சுமார் 2,000தான். 5,000 என்பது விளம்பரத்துக்கு. புத்தகத்தில் இல்லாதவை எவை என்று பார்த்தால் சிரிப்பு வரும். ‘லீக்’ இல்லை, ‘ரஸ்ட்’ இல்லை, ‘ரீஃபண்ட்’ இல்லை. கிளினிக்கில் தேவைப்படும் சொல் எதுவும் இல்லை. நாம் வலி என்று ஒரே சொல்லில் முடிப்பது அங்கே பிரியும். தலைக்கும் வயிற்றுக்கும் பல்லுக்கும் ‘ஏக்’, தொண்டைக்கு ‘சோர் த்ரோட்’, நெஞ்சுக்கு ‘செஸ்ட் பெயின்’. மரத்துப்போனால் ‘நம்’, எழுத்தில் கடைசியில் ஒரு பி இருக்கும், வாயில் வராது. தலை சுற்றினால் ‘டிஸ்ஸி’, வீங்கினால் ‘ஸ்வோலன்’. இந்த ஐந்தாறு சொல் அந்த 5,000ஐவிட முந்தி உதவும்.

புத்தகத்துக்குப் பதில் ஒரு செருப்புப் பெட்டி போதும். உள்ளே அட்டையால் ஐந்து அறை பிரியுங்கள். சின்ன அட்டையின் ஒரு பக்கம் முழு வாக்கியம், சொல் இருக்கும் இடத்தில் கோடு. பின்பக்கம் சொல், அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு, தவறினால் முதல் அறைக்கே. முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு தடவை, மூன்றாவது வாரத்துக்கு ஒரு தடவை, நான்காவது இரண்டு வாரத்துக்கு, ஐந்தாவது மாதத்துக்கு. செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது. சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், பிரிபொசிஷனோடு எழுதுங்கள். ‘குட்’ அல்ல, ‘குட் அட்’. ‘அஃப்ரெய்ட்’ அல்ல, ‘அஃப்ரெய்ட் ஆஃப்’. ஒரு நாளைக்கு ஐந்து புதிய அட்டைக்கு மேல் போட்டால் இரண்டாவது வாரமே பெட்டி உங்களைத் துரத்தத் தொடங்கும்.

பேச்சுப் பயிற்சிக்குக் கடைசி இருபது நிமிடம். பதினான்கு பேர் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. இருவர் இருவராகப் பிரித்து விட்டால் ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்கள். எஸ்பிஎம் இங்கிலீஷ் பாடமான 1119இன் மூன்றாம் தாளே பேச்சுத் தேர்வு என்பதால் மாணவர்களுக்காவது இதைச் செய்தாக வேண்டும்.

சேர்கிறவர்கள் முன்வரிசையில் இடம் பிடியுங்கள். எட்டு மணி வரை கீழே பட்டறையில் எஞ்சினை முறுக்கிப் பார்ப்பார்கள், பின்வரிசையில் ஒன்றும் கேட்காது. சொந்தக் கண்ணாடி எடுத்துப் போங்கள், அங்கே இருப்பவை ரசம் போனவை. கடைசி பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் எட்டே முக்காலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள், பேச்சுப் பயிற்சி பாதியில் போகிறது. யாருடைய மோட்டாரிலாவது இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் எஸ், ஜெட் பாடம் வந்தால் அடுத்த வாரம் திரும்ப நடத்தச் சொல்லுங்கள். தகரக் கூரை மேல் மழை விழுந்தால் ‘ப்ரைஸ்’ விலையா பரிசா என்று டீச்சருக்கே கேட்காது.